பிள்ளையை யாரிடமிருந்து பிரிக்கிறோம்?

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இரவு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. ஒரு பெண்ணின் அலறல் எழுகிறது, பிறகு கதவு அறைந்து சாத்தப்படுகிறது. மறுநாள் காலையில் அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்தபடி குழாயடிக்கு வருகிறாள். அல்லது வருவதில்லை, விடியும் முன்பே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் காட்சி உங்களில் பலருக்குப் புதிதாக இருக்காது. 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமான பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூன்று பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு சம்பவம் நடந்தவுடன் நாம் மனைவியைப் பற்றிப் பேசுகிறோம், கணவனைப் பற்றிப் பேசுகிறோம், சேர்ந்து வாழ்வார்களா என்று பேசுகிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று இரவு எங்கே, யாருடன் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தென்மாவட்டங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்ப ஆலோசகராக வேலை பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: அடி நின்ற பிறகு பிள்ளைக்கு ஏற்படும் இரண்டாவது காயம், பல வீடுகளில், பிரிவுதான். அதுவும் அடித்தவரிடமிருந்து பிரிப்பது குறைவு. அடி வாங்கியவரிடமிருந்து, அதாவது அந்தக் குழந்தைக்கு அதுவரை தெம்பாக இருந்த ஒரே ஆளிடமிருந்து பிரிப்பதுதான் அதிகம்.

இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் எந்த அதிகாரியும் வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. "போறதா இருந்தா நீ போ, பிள்ளைய வச்சுட்டுப் போ" என்று மாமியார் வாசலில் நின்று சொல்கிறார். "இன்னும் ரெண்டு மாசத்துல முழுப்பரீட்சை, படிப்பு கெட்டுடும், அவன் அங்கேயே இருக்கட்டும்" என்று தாய்மாமன் சொல்கிறார். பெரியவர்கள் கூடிப் பேசி, மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என்று நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோல் பிரித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால், எல்லோரும் நல்ல எண்ணத்துடன், பிள்ளையை ஏதாவது ஒரு ஹாஸ்டலிலோ இல்லத்திலோ சேர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. குழந்தைக்கு மட்டும் யாரும் எதையும் சொல்வதில்லை.

ஒரு சிறுவனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொரோனாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

ஒரு மாலையில், நெற்றியில் நான்கு தையலோடு ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். உடன் சென்றவள் நான். மகளுக்கு நான்கு வயது இருக்கும், தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் தாயின் சேலைத் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். அன்று பள்ளிக்கூடத்திலிருந்தே நேராக அழைத்து வந்ததால் சீருடையிலேயே இருந்தான். இல்லத்தில் பையனின் வயதைக் கேட்டார்கள். "எட்டு" என்றார் தாய். ஆனால் அவன் கழுத்தில் நீல நிறக் கயிற்றில் பள்ளி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பிறந்த தேதி இருந்தது. அவனுக்கு ஒன்பது முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது.

வயது ஏன் முக்கியம் என்று நேயர்கள் கேட்கலாம். அப்போது இத்தகைய இல்லங்களுக்கும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ 2015-இல் தொடங்கப்பட்ட 'சகி' சேவை மையங்களுக்கும் மத்திய அரசு வகுத்திருந்த வழிகாட்டு விதிகளின்படி, தாயுடன் மகள்கள் தங்கலாம், மகன்கள் எட்டு வயது வரை மட்டுமே தங்கலாம். இல்லத்தில் வேறு பெண்களும் வளர்ந்த பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய பாதுகாப்பையும் பார்க்க வேண்டும் என்பது விதிக்குப் பின்னாலுள்ள காரணம். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று மாலை ஆறரை மணிக்கு அந்த வாசலில் அந்த விதி என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். பொறுப்பிலிருந்த அம்மையார் மோசமானவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கியது. தாயும் மகளும் உள்ளே போனார்கள். மகனைச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆண்பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். சேலைத் தலைப்பிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தவர் அவனுடைய தாயேதான். வேறு யாராவது செய்திருந்தால் அவன் அவர்களையாவது கோபித்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்தப் பையன் அந்த வீட்டில் என்னவாக இருந்தான் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்பாவின் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அவனால் சொல்ல முடியும். சத்தம் சரியில்லை என்றால், அரிவாள்மணையை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடுவான். தங்கையை எழுப்பிப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொண்டுபோய் விடுவான். திரும்பி வந்து, அம்மா படுத்திருக்கும் அறையின் வாசலில் குறுக்கே பாயை விரித்துப் படுப்பான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்துக்கே இரவுக் காவல் இருந்திருக்கிறான். அந்தக் காவல்காரனைத்தான் நாங்கள் பாதுகாப்பு என்ற பெயரில் இருபது கிலோமீட்டர் தூரத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

முதல் மூன்று நாட்கள் அழுதான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். பிறகு அழுகை நின்றது. அங்கிருந்தவர்கள் "பையன் பழகிட்டான்" என்று மகிழ்ந்தார்கள். பதினேழாம் நாள் தாயை அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு பையில் முறுக்கும் கடலை மிட்டாயும் வாங்கி வந்திருந்தார். மகன் வந்து எதிரில் உட்கார்ந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றித் தையல் பிரித்திருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பையை வாங்கி, பின்னால் நின்ற பையன்களிடம் அப்படியே கொடுத்துவிட்டான். கால்மணி நேரம் பேச்சில்லை. கிளம்பும்போது, தரையைப் பார்த்தபடி ஒன்று கேட்டான்: "பாப்பா தூங்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறியாம்மா?"

அழுகை நின்றால் பிள்ளை தேறிவிட்டது என்று எண்ணுவது நம்மிடையே மிகவும் பரவலான தவறு என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை எழுதியவர் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனைகளில் பெற்றோரைப் பிரிந்து கிடந்த சிறு குழந்தைகளை நாள்தோறும் கவனித்து எழுதியவர். முதலில் குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்யும். அடுத்து, ஓய்ந்து சோர்ந்துவிடும். மூன்றாவதாக, சிரிக்கும், விளையாடும், கொடுத்ததைச் சாப்பிடும், ஆனால் தாய் வந்தால் யாரோ வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாதிமார்கள் தேறுதல் என்று நினைத்த அந்த மூன்றாம் கட்டம், குழந்தை தன் மனத்தைப் பூட்டிக்கொண்டுவிட்ட கட்டம் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். வயது கூடிய பிள்ளைகளிடத்திலும் இதன் சாயலை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் முறுக்கை வாங்கிக் கொடுத்த விதத்தில் அதைத்தான் பார்த்தேன். மறுபடியும் சொல்கிறேன், அழாத பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

இன்னொன்றையும் அவன் வாயாலேயே கேட்டேன். "நான் அன்னிக்கு டியூஷன் போயிருந்தேன் மிஸ். நான் வீட்ல இருந்திருந்தா அப்பா அடிச்சிருக்க மாட்டாங்க. அதான் என்னைய இங்க விட்டுட்டாங்க" என்றான். பிள்ளைகள் காரணம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. நாம் காரணம் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள், கண்டுபிடிக்கும் காரணம் ஏறக்குறைய எப்போதும் அவர்களேதான். வீட்டில் பார்த்த வன்முறை அவனுக்குப் பயத்தைத் தந்தது. பிரிவோ அந்தப் பயத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, காரணமில்லாத வயிற்றுவலி, வகுப்பில் கவனம் சிதறுவது, சிறிய பிள்ளைகளை அடிப்பது என்று ஆசிரியர்கள் சொல்லி அனுப்பும் புகார்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தாய் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்து மூன்றாம் நாள் அவர் இல்லத்திலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மகனையும் வாங்கிக்கொண்டு, கணவர் வீட்டுக்கே திரும்பிப் போனார். "அடி விழுந்தாலும் மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருப்போம் மேடம்" என்றார். அடிக்கிற வீட்டுக்கே பெண்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று நாம் ஆச்சரியப்படுகிறோம், சில சமயம் ஏசவும் செய்கிறோம். எனக்குத் தெரிந்த பெண்களில் மிகப் பலரைத் திருப்பி அனுப்பியது, அங்கே விட்டுவிட்டு வந்த பிள்ளை, அல்லது வேறெங்கோ கொண்டுபோய் வைக்கப்பட்ட பிள்ளை. கணவர் வீட்டாரில் சிலருக்கு இது நன்றாகவே தெரியும். பிள்ளையை வைத்துக்கொண்டால் அவள் தானாக வருவாள் என்று கணக்குப் போட்டுத்தான் "வச்சுட்டுப் போ" என்கிறார்கள்.

கடல் கடந்த ஓர் ஊரில் நடந்ததையும் இங்கே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் வைத்து அலசியது அங்கேதான். 1999-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நிக்கல்சன் என்ற தாயை, அவருடைய பெண்குழந்தையின் தகப்பன் கடுமையாகத் தாக்கினான். கை உடைந்தது, விலா எலும்பு முறிந்தது. அந்த நிலையிலும் அவர் காவல்துறையை அழைத்தார், மருத்துவமனைக்குப் போகும் முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டுப் பெண்ணை ஏற்பாடு செய்தார். ஒரு தாய் செய்யக்கூடியதில் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் நகரத்தின் குழந்தைகள் நலத் துறை, பிள்ளைகளைக் காக்கத் தவறினார் என்று அவர்மீதே குற்றம்சாட்டி, இருவரையும் வேறு வீட்டில் வளர்க்கக் கொண்டுபோய்விட்டது. மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தார்கள். அவரைப் போன்ற பல தாய்மார்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2002-இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன், அடி வாங்கினாள் என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் சாட்சி சொன்ன உளவியல் அறிஞர் ஒருவர், இத்தகைய பிள்ளைகளின் மிகப் பெரிய பயமே தாயை இழப்பதுதான், காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அதையே செய்வது திறந்த புண்ணில் உப்பைக் கொட்டுவதற்குச் சமம் என்றார். 2004-இல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும், பிள்ளை வன்முறையைப் பார்த்தது என்பதை மட்டும் வைத்துத் தாய் புறக்கணித்தாள் என்று சொல்ல முடியாது என்றது. பிள்ளையை எடுக்கும் முன், வீட்டில் விடுவதால் வரக்கூடிய ஆபத்தோடு, எடுப்பதால் நிச்சயமாக வரும் கேட்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்தத் தராசு நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அடித்தவரை வீட்டைவிட்டு வெளியேறும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம் என்கிறது. இதைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். தாயும் பிள்ளைகளும் துணிமூட்டையோடு பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெளியேற வேண்டியவர் அவர். பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே தெருவில், அதே நண்பர்களோடு நடந்து போகலாம். 21-ஆவது பிரிவு, வழக்கு நடக்கும்போதே பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் ஒப்படைக்க வழி செய்கிறது. மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை சாதாரணமாக வைக்கப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் இது தள்ளிப்போவதைப் பார்த்து நான் மனம் நொந்த நாட்கள் பல. மூன்று நாள் என்று சட்டம் எழுதியவர்களுக்கு, ஒரு பிள்ளையின் கணக்கில் மூன்று நாள் எவ்வளவு நீளம் என்பது தெரிந்திருக்கிறது. மனு எழுத, மாவட்டத்திலுள்ள பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறார்கள்.

நான் சொன்ன அந்தத் தாய்க்கும் கடைசியில் இந்த வழிதான் கைகொடுத்தது. நான்கு மாதம் கழித்து மறுபடியும் அடி விழுந்தபோது, இல்லத்தைத் தேடிப் போகாமல் நேராக மனுப் போட்டோம். கணவர் வெளியேற உத்தரவு வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பையன் அப்போதும் வாசலில் குறுக்கேதான் பாயை விரித்துப் படுப்பதாகத் தாய் சொன்னார். அவனைத் திட்டவும் இல்லை, உள்ளே வரச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. ஒருநாள் அவனையே இரும்புக்கடைக்கு அழைத்துப்போய், எந்தத் தாழ்ப்பாள் உறுதியானது என்று அவனையே பார்க்கச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். அதை மாட்டிய பிறகும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. பாய் வாசலைவிட்டு நகர்ந்து தங்கையின் பக்கம் வந்து சேரத் தீபாவளி ஆகிவிட்டது.

பிள்ளையைப் பிரிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையையே அடிக்கிற, பிள்ளையிடம் தவறாக நடக்கிற வீட்டிலிருந்து அதை உடனே எடுத்தாக வேண்டும். தாய் மருத்துவமனையில் இருக்கும்போது, அல்லது தாயே இல்லாமல் போய்விடும்போது, வேறு கைகள் தேவைப்படும். ஆனால் அப்போதும் இல்லம் என்பது கடைசி வழிதான். குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதுவும் கைக்குழந்தைகள் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ருமேனிய நாட்டின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு ஒன்று, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் இல்லத்தில் இருந்தவர்களைவிடத் தேறினார்கள், இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். நம்மிடம் பாட்டி இருக்கிறார், சித்தி இருக்கிறார், அத்தை இருக்கிறார். அவர்களைக் கேட்காமலே இல்லத்துக்குப் படிவம் எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

பணம் இல்லை என்பதால்தான் பல தாய்மார்கள் பிள்ளையை விடுதியில் விடுகிறார்கள். கணவரால் கைவிடப்பட்ட, விவாகரத்தான, விதவையான தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதேபோல் முழுப்பரீட்சை வரை இருக்கட்டும் என்று பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டிய தேவையும் இல்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது. ஆண்டின் நடுவிலும் சேர்க்கலாம்.

தகப்பனைப் பிள்ளை பார்ப்பது பற்றி விரிவாகப் பேசவேண்டும் என்று நினைத்து வந்தேன், நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்த தகப்பனையும் பிள்ளைகள் தேடுவார்கள். அந்த வீட்டுச் சின்னப் பெண், முதல் வாரம் முழுக்க, "அப்பா சாப்பிட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள், தகப்பனைப் பற்றிப் பிள்ளைமுன் ஏசாதீர்கள். பார்க்க வேண்டுமென்றால், மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில், நீதிமன்றம் குறித்த இடத்தில் பார்க்கட்டும். அது பிள்ளைக்குக் கேடு என்று தோன்றினால் அந்த 21-ஆவது பிரிவின்படியே நடுவர் மறுக்கவும் செய்யலாம்.

பிரிவு தவிர்க்க முடியாமல் போனால், அன்று இரவே பிள்ளையிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: இது உன்னால் நடக்கவில்லை, அம்மா இன்ன இடத்தில் இருக்கிறாள், உன்னைப் பார்க்க இன்ன கிழமை வருவாள். சொன்ன கிழமையில் கட்டாயம் வரச் செய்யுங்கள். அண்ணன் தங்கையைத் தனித்தனி இடத்தில் வைக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இலவசம். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும்போது நீங்களே அழைக்கலாம். தினசரிக் காலண்டரின் அட்டையில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 181, 1098.

நன்றி. வணக்கம்.